சேவல் இல்லாத வீட்டில் ஐந்து குஞ்சுகள்

கோழிக் கூண்டுக்குள் இடுப்பு வரை நுழைந்திருந்த பிலவேந்திரன், மனைவியின் குரல் கேட்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்து தகரத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

"ஏங்க, காலங்காத்தால உள்ள என்னா பண்றீங்க?"

"கூண்டச் சுத்தம் பண்றேன்."

"தொடப்பம் வெளிய இல்ல கெடக்குது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அவர் கையில் இருந்தது ஒரு முட்டை. கோழி வைத்ததல்ல. அடுத்த தெருவில் வாங்கி, லுங்கி மடிப்பில் சுருட்டிக் கொண்டுவந்தது. அதைச் சத்தமில்லாமல் வைக்கோலில் வைத்து, மேலே ஒரு கோழி இறகையும் போட்டு, பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்தார்.

"வேளாங்கண்ணி! இங்க வந்து பாரேன்! வெச்சிருச்சு!"

வேளாங்கண்ணி அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் ஓடி அவர் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

ஆடி மாதத்தில் வந்த டைபாய்டு காய்ச்சல் அவளை ஒரு வழி பண்ணிவிட்டுப் போயிருந்தது. போகும்போது நாக்கில் இருந்த ருசியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ரசம் சாதம் வைத்தால் மண் என்றாள். கருவாட்டுக் குழம்பு வைத்தால் அதுவும் மண். டாக்டர் சத்து மாவு எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, மண்ணிலேயே இது கொஞ்சம் உசத்தி என்றாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

ஓசூரில் இருக்கும் மகள் ஷைனி வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கழுத்தெலும்பு தெரியுது. கிறிஸ்துமஸுக்கு வருவேன். அதுக்குள்ள தேறலன்னா அம்மாவ என்கூடக் கூட்டிட்டு வந்துடுவேன்."

"அப்ப நானு?"

"நீங்க வீட்டப் பாத்துக்குங்கப்பா. இங்க எங்க இருக்கு எடம்?"

பிலவேந்திரனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. சர்க்கரை ஆலையில் எடைமேடையில் உட்கார்ந்து காலமெல்லாம் கரும்பு லாரிகளை நிறுத்து அனுப்பியவர் அவர். எத்தனையோ பேருக்குக் கணக்குத் தீர்த்தவருக்கு, வேளாங்கண்ணி இல்லாத வீட்டில் ஒரு நாள் பொழுது எப்படிப் போகும் என்று கணக்குப் போடத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பிரிந்து இருந்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தபடி அவள் சொன்னாள்.

"நம்ம ஜூலி முட்டை மாதிரி ஒண்ணு கெடச்சா ஒருவேள உள்ள எறங்கும்."

ஜூலி! அந்தப் பெயரைக் கேட்டதும் பிலவேந்திரனுக்கு இப்போதிருக்கும் அதியமான்கோட்டை வீடு மறைந்து, பாலக்கோட்டில் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த வரிசை வீடு கண்முன் வந்துவிட்டது. கல்யாணமான புதிது. ஒரே ஓர் அறை. அந்த அறையில் ஒரு கட்டில். கட்டிலுக்கு அடியில் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் ஜூலி என்ற செம்பட்டைக் கோழி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு முட்டை. அரவைக் காலத்தில் தெருவெல்லாம் வெல்லப்பாகு வாசனை அடிக்கும். ராத்திரி ஷிப்ட் முடிந்து அவர் வரும்போது அவள் அந்த ஒரு முட்டையை அவித்து வைத்திருப்பாள். தையல் நூலை இரண்டு கையாலும் பிடித்து முட்டையின் குறுக்கே இழுத்து இரண்டாக்குவாள். அதற்குப் பிறகு சண்டை. சின்னப் பாதி எனக்கு என்று இருவருமே அடித்துக்கொள்வார்கள்.

ஷைனி வயிற்றில் இருந்தபோது, முழு முட்டையும் அவளுக்கே என்று பிலவேந்திரன் சட்டம் போட்டார். சரியென்று தலையை ஆட்டினாள். மறுநாள் எடைமேடையில் டிபன் பாக்ஸைத் திறந்தால் சோற்றுக்கு அடியில் பாதி முட்டை கிடந்தது.  ஜூலியை ஒரு நாள் நாய் கவ்விக்கொண்டு போனது. வேளாங்கண்ணி இரண்டு நாள் அழுதாள். அந்த வீட்டையும் அந்த வயதையும் நினைக்கும்போதெல்லாம் முதலில் ஞாபகம் வருவது அந்தக் கோழிதான்.

"நாட்டு முட்டைதான? கடையில வாங்கியாரேன்" என்றார்.

"வேணாம். வெள்ளை முட்டைய டீத்தண்ணியில முக்கி நாட்டு முட்டைன்னு விக்கிறானுங்க. நம்ம கோழி, நம்ம கண்ணு முன்னாடி வெச்சதா இருக்கணும்."

அந்த வாரமே பென்னாகரம் சந்தைக்குப் போய் மூன்று கோழிகளை வாங்கிவந்தார். விற்ற முருகேஷ் சத்தியம் பண்ணாத குறை.

"மூணும் மொதத்தரமான முட்டைக் கோழிங்க. நீங்க வூடு போய்ச் சேர்றதுக்குள்ள பஸ்ஸுலயே வெச்சாலும் வெச்சுருமுங்க."

பிலவேந்திரன் பஸ்ஸில் மடியில் துண்டை விரித்துக்கொண்டே வந்தார்.

வேளாங்கண்ணி கோழிகளுக்குப் பெயர் வைத்தாள். கறுப்பு ரெபேக்கா. புள்ளி போட்டது சூசானா. மூன்றாவதற்குக் கழுத்தில் ஒரு இறகுகூடக் கிடையாது, மொட்டைக் கழுத்து. அது மார்த்தா. அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் காய்ச்சலுக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தாள்.

ஆனால் முட்டைதான் வரவில்லை. கம்பு போட்டார், கீரை போட்டார், கிளிஞ்சல் இடித்துப் போட்டார். காலையில் கூண்டைத் திறந்துவிட்டால் மூன்றும் வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சுவரைத் தாண்டும். அந்தப் பக்கம் கருவேலம் மண்டிய காலி மனை. பூச்சி பொறுக்கப் போகின்றன என்று விட்டுவிடுவார். பொழுது சாய மூன்றும் ஒழுங்காக வந்து அடையும். கூண்டில் வைக்கோல் மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

முருகேஷுக்கு போன் போட்டார்.

"நீங்க பக்கத்துலயே குந்திக்கிட்டு உத்து உத்துப் பாத்தா எப்படிங்க? அதுக்கும் கூச்சம் இருக்காதுங்களா?"

பிலவேந்திரன் தள்ளிப் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

தினமும் காலையில் வேளாங்கண்ணி சன்னல் வழியாக, "ஒண்ணும் இல்லீங்களா?" என்பாள். இல்லை என்றதும் கிண்ணத்தைத் தள்ளி வைப்பாள். கிறிஸ்துமஸ் ஒரு பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் தாங்குவார்?

அடுத்த தெருவில் அந்தோணியார் கெபி, குகை மாதிரி கட்டிய சின்னக் கோயில், இருக்கிறது. செவ்வாய்க்கிழமை செபத்துக்குக் கூட்டம் நெரியும். வேண்டுதல் பலித்தவர்கள் கோழி, சேவல் என்று கொண்டுவந்து விடுவார்கள். செபம் முடிந்ததும் அவற்றை ஏலம் போடுவது வழக்கம். ஏலம் போகாததும் கட்டவிழ்த்துக்கொண்டதுமாக நாலைந்து சேவல்கள் எந்நேரமும் அந்த வளாகத்தில் சண்டியர்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வாசலில் மெழுகுவத்தி விற்கிற கண்ணம்மாள்தான் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவதும். அவள் கும்பிடுவது முனியப்பனை. ஆனால் அந்தோணியாரிடமும் அவளுக்குப் பேச்சுவார்த்தை உண்டு.

"கெபிக்குப் பின்னால தெனமும் முட்டை கெடக்குதுங்கய்யா. நேர்ந்துவிட்ட கோழிங்க வெக்கிறது. எடுத்து வித்து உண்டியல்ல போட்டுடறேன். உங்களுக்கு வேணுங்களா?" என்றாள் அவள்.

பிலவேந்திரன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வாங்கினார். அப்படி வந்ததுதான் கூண்டுக்குள் போன அந்த முட்டை.

வேளாங்கண்ணி அதை அவித்தாள். உரித்தாள். தையல் பெட்டியைத் தேடி நூலை எடுத்தாள். இரண்டாக்கி, பெரிய பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு வேணாம். நீ தின்னு."

"வாய மூடிக்கிட்டுத் தின்னுங்க."

அவள் கடித்தாள். மெதுவாக மென்றாள். பிலவேந்திரன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் கலங்கியது.

"இதாங்க! அப்படியே ஜூலி முட்டை. ஆலை வாசனைகூட வருது."

பிலவேந்திரனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. யார் வீட்டுக் கோழியோ வைத்த முட்டையில் இவளுக்கு ஆலை வாசனை வருகிறதாம். நம் வீட்டு முட்டை என்று மனசு சொன்னால் நாக்கும் ஆமாம் போடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மதியம் அவள் ஒரு கரண்டி சோறு சேர்த்துப் போட்டுக்கொண்டாள். ஒரு வாரத்தில் கொள்ளு ரசம் கேட்டாள். அடுத்த வாரம், "இந்தக் கத்திரிக்காய்ல உப்பு கம்மி" என்று குறை சொன்னாள். குறை சொல்கிற அளவுக்கு ருசி திரும்பிவிட்டது என்று பிலவேந்திரன் ஆனந்தப்பட்டார்.

அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. வேளாங்கண்ணி முட்டைப் பெருமையை எதிர்வீட்டு அருள்ராணியிடம் சொன்னாள். அருள்ராணி அந்தத் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியக் குழுவின் தலைவி. வீட்டுக்கு வீடு செபம் நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது, எல்லோர் வீட்டுச் சமாசாரத்தையும் எல்லோர் வீட்டுக்கும் கொண்டுசேர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"அக்கா, எங்க பேரனுக்கும் ரெண்டு முட்டை குடுங்களேன். எளச்சுக் கெடக்கறான்."

"அதுக்கென்னா, தெனமும் வாங்கிக்க. மூணு கோழி இருக்குதில்ல?" என்றாள் வேளாங்கண்ணி.

பிலவேந்திரன் கெபிக்கு இரண்டு நடை நடந்தார். கண்ணம்மாள் கவலையோடு பார்த்தாள்.

"இம்மாம் முட்டை தின்னா நெஞ்சு அடைக்கப் போவுதுங்கய்யா. ஒடம்பப் பாத்துக்குங்க."

இந்தத் திருட்டுப் பிழைப்பு எத்தனை நாளைக்கு? கோழிகளை வழிக்குக் கொண்டுவந்தே தீருவது என்று பிலவேந்திரன் முடிவு செய்தார். மூன்றையும் வெளியே விடாமல் கூண்டிலேயே அடைத்துப் போட்டார். ஊர் சுற்றினால்தானே வேலை நடக்காது? கோழிகள் கோபித்துக்கொண்டு ஒரு மூலையில் ஒட்டி நின்றன. தீனியைக்கூட ஒழுங்காகத் தொடவில்லை.

கெட்ட நேரம் வந்தால் எல்லாம் சேர்ந்துதானே வரும்? கண்ணம்மாளும் கையை விரித்துவிட்டாள்.

"என்னான்னே தெரியலைங்கய்யா. திடீர்னு ஒரு முட்டைகூடக் காணோம்."

வேறு வழி? கடையில் வெள்ளை முட்டை வாங்கி, டீத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டு, நிறம் ஏற்றி, கூண்டில் வைத்தார். எந்த வேலையைச் செய்கிறவர்களை வேளாங்கண்ணி திட்டினாளோ அதே வேலை. பார்ப்பதற்கு அச்சு அசல் நாட்டு முட்டை. அவள் ஒரு வாய்தான் கடித்தாள், கையில் துப்பிவிட்டாள்.

"இது நம்மது இல்ல."

பிலவேந்திரன் விடவில்லை. "கூண்டுலேர்ந்து நீதான எடுத்தே?"

"எடுத்தேன். ஆனா ருசி செத்துக் கெடக்குது. பாவம், அதுங்கள அடச்சுப் போட்டா முட்டை எப்படி ருசிக்கும்? ஏக்கத்துலயே வெச்சிருக்கும் போல. மொதல்ல தொறந்து விடுங்க."

திறந்துவிட்டார். மூன்றும் சுவர் ஏறிக் குதித்து ஓடின. இரண்டு நாள் கழித்து கண்ணம்மாள் சிரித்த முகத்தோடு முட்டை நீட்டினாள். அந்தோணியார் மனம் இரங்கிவிட்டார் என்று பிலவேந்திரன் ஒரு மெழுகுவத்தி கொளுத்தினார்.

அடுத்த வினை மார்த்தா ரூபத்தில் வந்தது. ஒரு நாள் காலையில் அது கூண்டை விட்டு இறங்க மறுத்தது. உடம்பைத் தட்டையாக விரித்துக்கொண்டு, கிட்டே போனால் 'குர்ர்ர்' என்றது.

"மார்த்தா அடைக்கு உக்காந்துட்டா!" என்று வேளாங்கண்ணி கைதட்டினாள்.

பிலவேந்திரனுக்கு எரிச்சலாக வந்தது. ஒரு முட்டைக்கு வக்கில்லாதவள் எந்த உரிமையில் அடைக்கு உட்காருகிறாள்?

"நம்ம வூட்ல சேவல் இல்ல. அடை வெச்சா அத்தனையும் கூழ முட்டையாப் போவும்" என்றார்.

"தெருவுலயே சேவல் இல்லன்னு எனக்குத் தெரியும். அந்தோணியார் பாத்துப்பார்."

ஒற்றைப்படையாக ஏழு முட்டைகளை எடுத்து மார்த்தாவின் அடியில் வைத்தாள். இடிக்குப் பயந்து ஓர் இரும்பு ஆணியும் அடுப்புக்கரியும் வைப்பது ஊர் வழக்கம். அவள் அதோடு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கிய ஓலையிலும் ஒரு துண்டைக் கிள்ளி வைத்தாள்.

ஏழும் கெட்டுப்போய் நாறும், தூக்கிப் போட்டுவிடலாம் என்று பிலவேந்திரன் நிம்மதியாக இருந்தார். அந்த முட்டைகள் எங்கிருந்து வந்தவை, அங்கே எத்தனை சேவல் சுற்றுகிறது என்பதெல்லாம் அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்துக் கூண்டிலிருந்து 'கீச் கீச்' என்று சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது.

ஐந்து குஞ்சுகள்!

வேளாங்கண்ணி கூண்டுக்கு முன்னால் முழங்காலில் நின்றுவிட்டாள்.

"சேவல் வாடையே இல்லாத வூட்ல அஞ்சு உசுரு! அந்தோணியாரே!"

"அது வந்து, வேளாங்கண்ணி..."

"பேசாதீங்க. முட்டி போடுங்க."

பிலவேந்திரன் முட்டி போட்டார்.

அருள்ராணி வந்தாள், பார்த்தாள், சிலுவை போட்டாள், உடனே செல்போனை எடுத்தாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் 'சேவலின்றிப் பிறந்த குஞ்சுகள்' என்ற வீடியோ பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவிட்டது. மறுநாளிலிருந்து கூட்டம். பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து கூண்டு வைக்கோலில் ஒரு துரும்பு கேட்டாள். கல்யாணமாகிப் பல வருடமாகக் குழந்தை இல்லையாம். அந்த மகள் குனிந்த தலை நிமிராமல் துரும்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டபோது பிலவேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விளையாட்டாக ஆரம்பித்தது எங்கே வந்து நிற்கிறது!

எப்படியாவது ஒரு சேவலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் இந்த அற்புதம் அடங்கிவிடும் என்று அவருக்கு யோசனை போயிற்று. செவ்வாய்க்கிழமை கெபி ஏலத்தில் போட்டி போட்டு ஒரு பெரிய சேவலை எடுத்தார். 'இது ரொம்ப நாளா நம்ம வூட்டுப் பக்கம் சுத்திக்கிட்டு இருந்த சேவல்தான்' என்று சொல்வதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

வாசலில் சேவலைப் பார்த்ததுமே வேளாங்கண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நானே நெனச்சிட்டு இருந்தேங்க. அற்புதத்துக்கு நன்றியாச் சேவல் குடுக்கணும்னு. வாய் தொறந்து கேக்காமலே வாங்கியாந்துட்டீங்களே!"

சேவல் கழுத்தில் பூவைச் சுற்றி, அன்று சாயந்தரமே கெபியில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். காலையில் ஏலம் போன சேவல் மாலையில் பூவோடு திரும்பி வந்ததைப் பார்த்துக் கண்ணம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டாள்.

கடைசியில் பிலவேந்திரன் கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் மண்டியிட்டார். வலைக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியார் ஃபிராங்க்ளின். மகன் வயதுதான் இருக்கும்.

"சாமி, நான் பாவி. பொண்டாட்டிய ஏமாத்திட்டேன்."

வலைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. "எத்தனை நாளாங்கய்யா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது சாமி. தெனமும் காலையில."

"காலையிலயா?"

"கோழிக் கூண்டுல சாமி."

பிலவேந்திரன் முதல் முட்டையிலிருந்து சேவல் வரை எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் சாமியாருக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். இருமலில் ஒரு குலுங்கலும் இருந்தது.

"ஞாயித்துக்கெழமை சாயந்தரம் உங்க வீட்டுல செபம்னு கூப்பிட்டிருக்காங்க. அதுக்குள்ள அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. அதான் அபராதம்."

"சொன்னா மறுபடியும் சோத்தத் தள்ளி வெச்சுடுவா சாமி. மக வந்து கூட்டிட்டுப் போயிடும். நான் தனியாக் கெடந்து என்னா பண்ணுவேன்?"

 சாமியார், "அதுக்காக அந்த அம்மாவ ஊருக்கு முன்னால பொய்ச் சாட்சி சொல்ல விடுவீங்களா?" என்றார்.

பிலவேந்திரன் தினமும் சொல்லத்தான் பார்த்தார். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிறவளிடம் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை ஷைனி வீடியோ காலில், "அம்மா, கன்னம் வந்துருச்சு! கிறிஸ்துமஸுக்கு நான் சும்மா வந்துட்டுப் போறேன்" என்றாள். வேளாங்கண்ணி நாணத்தோடு கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த முகத்தை வரிசை வீட்டில் பார்த்தது. அதைப் பார்த்தபின் சொல்லவே முடியாமல் போயிற்று.

ஞாயிறு மாலை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். அருள்ராணி கண்ணம்மாளுக்குச் சொல்லியனுப்பியதால் அவளும் மெழுகுவத்திக் கட்டோடு முதன்முறையாக அந்த வீட்டுக்கு வந்து, கேட்டருகே கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவளைப் பார்த்ததும் பிலவேந்திரன் கூட்டத்துக்குள் ஒதுங்கினார். அவள் வாயைத் திறந்தால் போதும், குடி முழுகிவிடும்.

கூண்டுக்குள் மார்த்தா ஐந்து குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாமியார் அதைப் பார்த்தார். பிறகு பிலவேந்திரனைப் பார்த்தார். பிலவேந்திரன் தரையைப் பார்த்தார்.

"மொதல்ல வேளாங்கண்ணி அக்கா சாட்சி சொல்லுவாங்க. அப்புறமா நாம பிஷப்பு மேற்றிராணியாருக்கு எழுதிப் போடலாம்" என்று அருள்ராணி அறிவித்தாள்.

வேளாங்கண்ணி எழுந்து நின்றாள். விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலை. 

"எனக்கு நாக்கு செத்துப் போயிருந்துச்சு. எங்க வூட்டுக் கோழி முட்டை தின்னுதான் உசுரு வந்துச்சு. அந்த முட்டைதான் இப்ப இந்தக் குஞ்சுங்க. இது அந்தோணியார் மேல ஆணையா..."

"ஆணை போடாத!" என்று பிலவேந்திரன் கத்தினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. இனி பின்வாங்க வழியில்லை.

"அது நம்ம கோழி முட்டை இல்ல வேளாங்கண்ணி. இதுங்க ஒரு முட்டைகூட வெச்சதில்ல. எல்லாமே கண்ணம்மாகிட்ட வாங்கி நான் உள்ள வெச்சது. நீ சாப்பிடணும்னு வெச்சேன். உன்ன ஷைனி கூட்டிட்டுப் போயிடுமேன்னு பயந்துக்கிட்டு வெச்சேன்."

 அருள்ராணி செல்போனை மெதுவாகக் கீழே இறக்கினாள். பாலக்கோட்டு அம்மாள் கூண்டையே பார்த்தாள்.

வேளாங்கண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மொதல் நாள்லேர்ந்தேவா?"

"ஆமா."

"நூல் போட்டு அறுத்தமே, அதுவுமா?"

"அதுவுந்தான்."

அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசியபோது அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"நீங்க பொய் சொன்னதுகூடப் போவட்டும்ங்க. ஜூலி முட்டை ருசி என் நாக்குல இன்னும் இருக்குதுன்னு நெனச்சேன். அந்த வூடு, அந்த நாளு, எல்லாம் பத்திரமா இருக்குதுன்னு நெனச்சேன். எவ வூட்டுக் கோழி முட்டையோ தின்னுட்டு நான் இதான் அதுன்னு அழுதிருக்கேனே! அப்ப எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லன்னுதான அர்த்தம்?"

 அவள் உடம்பைத் தேற்ற நினைத்து, அவள் பொத்தி வைத்திருந்ததில் கைவைத்துவிட்டோம் என்று பிலவேந்திரனுக்குத் தெரிந்தது. பாலக்கோட்டு வரிசை வீட்டைத் தன் கையாலேயே இடித்துவிட்ட மாதிரி இருந்தது. ராத்திரி இவள் சாப்பிடமாட்டாள். நாளைக்கும் சாப்பிடமாட்டாள். அவள் பக்கத்தில் உட்கார அவர் நாற்காலியைத் தேடினார். யாரும் எழுந்து கொடுக்கவில்லை. அப்படியே தரையில் அவள் காலருகே உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வழக்கம்போல ரெபேக்காவும் சூசானாவும் சுவர் மேல் ஏறி, ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, பிறகு தொப் தொப்பென்று குதித்துக் கூண்டை நோக்கி நடந்தன. கூண்டுக்குள்ளிருந்து மார்த்தா மொட்டைக் கழுத்தை நீட்டிக் குரல் கொடுத்தது.

கேட்டருகே நின்றிருந்த கண்ணம்மாள் மெழுகுவத்திக் கட்டைக் கீழே வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டு கோழிகளையும் பார்த்தாள். குனிந்து கூண்டுக்குள் மார்த்தாவின் கழுத்தைப் பார்த்தாள்.

"அட, இந்த மூணும் உங்க வூட்டுக் கோழிங்களா? கெபிக்குப் பின்னால வந்து தெனமும் முட்டை வெச்சிட்டுப் போறதே இதுங்கதானுங்கய்யா!"